எந்த ‘பேக்’? ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் கேட்கவும் சொல்லவும் ஒரு முழு வழிகாட்டி

ஒரு தாளில் ‘பேக்’ என்று எழுதி, இது என்ன ஆங்கிலச் சொல் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். தோளில் மாட்டும் பை என்பார் ஒருவர். முதுகு, பின்பக்கம் என்பார் இன்னொருவர். சாமான்களைக் கட்டி வைப்பது என்பார் மூன்றாமவர். ரொட்டியை அனலில் வேகவைப்பது என்பார் நாலாமவர். நாலு பேர் சொன்னதும் சரிதான். ஆங்கிலத்தில் இவை நாலும் நாலு தனித்தனி ஒலிப்புகள், தமிழ் எழுத்துக்கு ஒன்றே ஒன்று. எழுத்தோடு போனால் பரவாயில்லை. நம்மில் பலருக்கு வாயிலும் காதிலும்கூட இந்த நாலும் ஒன்றாகிவிடுகின்றன.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவரிடம் ‘வலி’, ‘வளி’, ‘வழி’ மூன்றையும் சொல்லிப் பாருங்கள். மூன்று தடவை ஒரே சொல்லைச் சொன்னதாக நினைப்பார். அவர் காதில் கோளாறு எதுவும் இல்லை. அவர் மொழியில் அந்த மூன்று ஒலிகளும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன, அவ்வளவுதான். நம்முடைய பெட்டிகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்குத் தேவையான ஒலிகளில் பெரும்பாலானவற்றை நம் நாக்கு தினமும் எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. ‘பம்பரம்’ என்று சொல்லுங்கள். முதல் ‘ப’ வேறு, ‘ம்’முக்குப் பின்னால் வரும் ‘ப’ வேறு. ‘கை’யில் உள்ள ககரம் ‘தங்கை’யில் இல்லை. ‘தந்தை’யில் இரண்டு தகரமும் இரண்டு விதம். எது எங்கே வரும் என்பதைத் தமிழில் இடமே முடிவு செய்துவிடுவதால் இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இடம் முடிவு செய்வதில்லை, சொல்தான் முடிவு செய்கிறது. ஆகவே நமக்கு இருக்கும் வேலை பெரும்பாலும் இருக்கிற ஒலியை இடம் மாற்றுவதுதான்.

முதல் வேலை காதுக்கு

எடுத்ததும் வாயைப் பழக்கப் போகாதீர்கள். காதில் பிரியாத இரண்டு ஒலிகள் வாயில் பிரிவது ரொம்பக் கடினம். எந்த ஜோடி உங்களுக்கு ஒன்றாகக் கேட்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாகப் பையும் முதுகும். ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர் ஒருவரை அந்த இரண்டையும் கலந்து 20 தடவை வாசிக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் உச்சரிப்பு ஒலி உள்ள இணைய அகராதி போதும், யாராவது கலைத்துப் போட்டு அழுத்தட்டும். நீங்கள் அவர் வாயைப் பார்க்காமல் 1 அல்லது 2 என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 18, 19 சரியாக வந்தால் அந்த ஜோடியை விட்டுவிடலாம். 10, 11 வந்தால் நீங்கள் கேட்கவில்லை, குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் வேலை இருக்கிறது.

ஒரே குரலைக் கேட்டுப் பழகாதீர்கள். லகரமும் ரகரமும் பிரியாத ஜப்பானியர்களுக்கு அந்த வேறுபாட்டைக் கற்றுத்தந்து 1991-இல் வெளியான ஓர் ஆய்வு பிரபலமானது. பல பேருடைய குரல்களில் பல சொற்களைக் கேட்க வைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொன்னார்கள், பெரியவர்களுக்கும் காது திறந்தது. ஆண், பெண், சிறுவர், வேகமாகப் பேசுபவர் என்று குரல் மாற மாறத்தான் எது ஒலியின் குணம், எது அந்த ஆளின் குணம் என்பது காதுக்குப் பிடிபடும்.

உங்கள் வாயைச் சோதிக்கக் கைப்பேசியில் உள்ள குரல் தட்டச்சு நல்ல கருவி. மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒற்றைச் சொல்லை மட்டும் சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் அது சூழலைப் பார்த்து ஊகித்துத் திருத்திவிடும், நீங்கள் தேறிவிட்டதாக ஏமாந்துபோவீர்கள்.

சொல்லின் வாசல்: காற்று எங்கே?

கடற்கரையும் ஒரு பழமும் நமக்கு ‘பீச்’. பன்றியும் ‘பெரிய’ என்பதும் ‘பிக்’. வகுப்பும் கண்ணாடியும் ‘கிளாஸ்’. மேலங்கியும் ஆடும் ‘கோட்’. நகரமும் ‘கீழே’ என்பதும் ‘டவுன்’. ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினாலே இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ‘பி’ ஆகிவிடுகின்றன. இந்த விஷயத்தில் ஆங்கிலேயர்களுக்கே தொலைபேசியில் சிரமம்தான். 1956-இல் நடைமுறைக்கு வந்த விமானத் துறை எழுத்துப் பெயர்களில் ஒன்றைப் ‘பிராவோ’ என்றும் மற்றதைப் ‘பாப்பா’ என்றும் சொல்ல வைத்ததற்கு இப்படிப்பட்ட குழப்பங்கள்தான் காரணம்.

பள்ளியில் நமக்குச் சொல்லித்தரும் விளக்கம், ஒன்றில் தொண்டை அதிரும், மற்றதில் அதிராது என்பது. உண்மைதான், ஆனால் சொல்லின் தொடக்கத்தில் அது பாதி உண்மை. அந்த இடத்தில் ஆங்கிலக் காது முக்கியமாகத் தேடுவது காற்றை. அதிராத பகரத்தை அவர்கள் சொல்லும்போது உதடு திறந்ததும் ‘ஹ்’ என்று ஒரு காற்று சீறி வந்து, அதன் பிறகுதான் குரல் தொடங்கும். 1964-இல் லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள், அவற்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தில் அந்தப் பகரத்துக்கு ஏறக்குறைய 60 மில்லிவினாடி. தமிழில் மிகக் குறைவு, உதடு திறந்த கையோடு குரல் வந்துவிடும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். நாம் தமிழ்ப் பகரத்தை அப்படியே வைத்துப் பழத்தைச் சொன்னால் அவர்கள் காதில் கடற்கரை விழுகிறது. தொண்டை அதிரவே இல்லையே என்று நாம் சத்தியம் செய்தாலும் பயனில்லை. அவர்கள் காத்திருந்த காற்று வரவில்லை.

ஒரு மெல்லிய தாள் துண்டை, கைக்குட்டைத் தாள் என்றால் இன்னும் நல்லது, உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் தொங்கவிடுங்கள். ‘பல்’ என்று தமிழில் சொல்லுங்கள். தாள் ஏறக்குறைய சும்மா இருக்கும். இப்போது குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’. தாள் படபடவென்று விலக வேண்டும். விலகவில்லையென்றால் நீங்கள் சொன்னது குப்பைத்தொட்டி. நாற்பது ஐம்பது தடவை தாளை விலக்கிப் பாருங்கள், கொஞ்சம் மிகையாகவே. பிறகு தானாக அடங்கும். ககரத்துக்கும் டகரத்துக்கும் இதே கதைதான். ஆனால் முன்னால் ‘ஸ்’ வந்தால் காற்று வேண்டாம். ‘ஸ்பின்’, ‘ஸ்கை’, ‘ஸ்டாப்’ மூன்றிலும் தாள் அசையக் கூடாது. இங்கே தமிழ் வாய்க்கு இயல்பாகவே நூற்றுக்கு நூறு.

அதிரும் பகரத்துக்குத் ‘தம்பி’யைக் கூப்பிடுங்கள். ‘தம்பி... ம்பி... பி’ என்று முன்பகுதியை உதிர்த்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டிய ஒலி. ககரத்துக்குத் ‘தங்கை’யிடமிருந்து இதே மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

டகரத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று. நம் ‘ட’வுக்கு நாக்கு நுனி பின்னால் வளைகிறது. ஆங்கிலத்தில் வளையாது, மேல்பல் ஈறில், நீங்கள் ‘ன’ சொல்லும்போது தொடும் அதே இடத்தில் படும். இலங்கைத் தமிழர் ‘காற்று’ என்பதில் ‘ற்ற’வை ஒலிக்கும் இடம் இதுதான். அவர்கள் ‘மார்க்கெற்’ என்று றகரம் போட்டு எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. காதை வைத்துப் பார்த்தால் அவர்கள் எழுதுவதுதான் அசலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

சொல்லின் வால்: கடைசி எழுத்தைவிட அதற்கு முந்தைய உயிர்

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் வாய் தானாக ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடும்: ‘புக்கு’, ‘பேக்கு’, ‘பஸ்ஸு’. வீட்டில் பேசுகிறபோது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உகரம் வந்தவுடன் ஆங்கிலம் நம்பியிருக்கும் ஒரு குறிப்பு காணாமல் போகிறது.

அது என்ன குறிப்பு? பைக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாடு கடைசி ஒலியில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதை அழுத்தி அழுத்திச் சொல்கிறோம். உண்மையில் பெரும்பகுதி வேறுபாடு அதற்கு முன்னால் உள்ள உயிரின் நீளத்தில் இருக்கிறது. அதிரும் ஒலிக்கு முன்னால் உயிர் நீள்கிறது, அதிராத ஒலிக்கு முன்னால் வெட்டுப்படுகிறது. நீளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பை என்றால் ‘பே...க்’ என்று இழுத்துக் கடைசியை லேசாக விடுங்கள். முதுகு என்றால் ‘பேக்’ என்று கதவைச் சாத்துவது போல டக்கென்று நிறுத்துங்கள். கடைசி ஒலியை வெளியே விடக்கூட வேண்டாம், நாக்கு ஒட்டியபடியே நிற்கட்டும்.

இந்த ஒரு சூட்சுமம் பிடிபட்டால் ஒரு பெரிய பட்டாளமே சரியாகிவிடும். தொப்பியும் வாடகைக் காரும் ‘கேப்’. இருக்கையும் விதையும் ‘சீட்’, ‘சீட்’ என்றே நம் வாயில் மயங்குகின்றன. பனிக்கட்டியும் கண்களும் ‘ஐஸ்’. விலையும் பரிசும் ‘பிரைஸ்’. அரிசியும் எழுவதும் ‘ரைஸ்’. எல்லாவற்றிலும் இரண்டாவது சொல்லுக்கு உயிர் நீளம். கடைசி மூன்று ஜோடிகளிலும் இரண்டாவது சொல் முடியும் ஒலி நம்மிடம் இல்லாத அந்த ‘இசட்’. அதை இப்போதைக்கு மறந்துவிட்டு உயிரை மட்டும் நீட்டிப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

உயிர்கள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பிரிட்டனில் தரமாகக் கொள்ளப்படும் உச்சரிப்பில் வழக்கமாக 44 ஒலிகள் எண்ணுகிறார்கள்: 24 மெய்கள், 20 உயிர்கள். அந்த 20-ஐயும் எழுத ஐந்தே உயிரெழுத்துகள். எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஒலியை ஊகிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

குறில் நெடில் பழகிய நமக்குச் சில ஜோடிகள் இலவசம். தாளும் மிளகும் ‘பேப்பர்’, ‘பெப்பர்’. வெட்டுவதும் வண்டியும் ‘கட்’, ‘கார்ட்’. இவற்றுக்கு நாம் வியர்வை சிந்த வேண்டியதில்லை. கப்பலும் செம்மறியாடும் ‘ஷிப்’, ‘ஷீப்’ என்று பிரிந்துவிடும், ஆனால் அங்கே ஒரு பள்ளம் உண்டு. முன்பு சொன்ன வெட்டு இங்கும் வேலை செய்கிறது: ஆட்டில் உயிருக்குப் பின் அதிராத பகரம் வருவதால் அந்த ஈகாரம் நாம் எதிர்பார்ப்பதைவிடக் குட்டையாகக் கேட்கும். அதனால் நீளத்தை மட்டும் நம்பாமல் குணத்தையும் மாற்றுங்கள். கப்பலின் இகரம் தளர்ந்தது, எகரத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஆட்டின் ஈகாரம் இறுக்கமானது, புன்னகைப்பது போல உதடு விரியும். வாழ்வதும் விட்டுப் போவதும், நிரம்பியதும் முட்டாளும் இதே கணக்குத்தான்.

இனி பையின் உயிர். தமிழில் இதற்கு எழுத்து இல்லாததால் ‘ஏ’ போட்டு ஒப்பேற்றுகிறோம்: பேக், பேட், மேன், பேங்க். இதனால் அது ஒரு பக்கம் உண்மையான ‘ஏ’யுடன் மோதுகிறது, இன்னொரு பக்கம் ‘எ’யுடன் மோதுகிறது. பிடி கிடைக்க ஆட்டைக் கவனியுங்கள். கதைப்புத்தகத்து ‘மே’ இல்லை, நிஜ ஆடு வாயைப் பிளந்து கத்துகிற ‘மே’. அந்த உயிர்தான் பையில் இருப்பது. கண்ணாடி முன் நின்று பற்களுக்கு நடுவே விரலை வைத்து அளக்கலாம். பிச்சை கேட்பதைக் குறிக்கும் ‘பெக்’குக்கு ஒரு விரல் புகும் இடைவெளி போதும். பைக்கு இரண்டு விரல். நாக்கு முன்னாலேயே கிடக்கட்டும், பின்னால் இழுத்தால் ‘ஆ’ ஆகிவிடும். ஒரு மனிதன், பல மனிதர்கள் என்ற ஜோடியில் இதைப் பழகுங்கள். ஒருமைக்குத் தாடை இறங்கும், பன்மைக்கு ஏறும். பேச்சு வேகத்தில் ஒருமை பன்மையைக் காட்ட அந்தத் தாடை அசைவு மட்டும்தான் இருக்கிறது.

ரொட்டி சுடும் ‘பேக்’ வேறு விதம். நம் ‘ஏ’ தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அவர்களுடையது எகரத்தில் தொடங்கி இகரத்தில் போய் ஒடுங்கும். ‘பெய்க்’ என்று எழுதினால் கிட்ட வரும்.

அடுத்தது ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் நடுவில் உள்ள நிலப்பகுதி. கூடத்துக்கு ‘ஹால்’, ஓட்டைக்கு ‘ஹோல்’. சட்டத்துக்கு ‘லா’, தாழ்வுக்கு ‘லோ’. எழுத்தில் பிரித்துவிட்டோம், ஆனால் கூடத்திலும் சட்டத்திலும் இருப்பது ஆகாரம் இல்லை. ‘ஆ’ சொல்லத் தொடங்கித் தாடையை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஓ’வுக்குக் குவியுங்கள். அதுதான். ஓட்டையின் ஓகாரமோ நடுவில் தொடங்கி ‘உ’வில் முடியும், ‘ஹொஉல்’ என்பது போல.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சூடு விழுந்திருக்கிறது. தொலைபேசியில் ஒரு வேலை விஷயமாக, எனக்கு அதில் சேர விருப்பம் என்று சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர், சரி, பரவாயில்லை, வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார். ‘விரும்புகிறேன்’ என்பதையும் ‘மாட்டேன்’ என்பதையும் நான் ஒரே ஓகாரத்தில் ‘வோண்ட்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். விருப்பத்துக்கு உயிர் குட்டையானது, வாய் திறந்தது, ‘வொன்ட்’ என்பதற்கும் ‘வான்ட்’ என்பதற்கும் இடையில். மறுப்புக்கு உயிர் நீண்டு உகரத்தில் குவியும், ‘வொஉன்ட்’. நேர் எதிர்ப் பொருள் தரும் இரண்டு சொற்களை இவ்வளவு பக்கத்தில் வைத்த மொழியை என்ன சொல்வது. இன்றும் முக்கியமான இடங்களில் மறுப்பை இரண்டு சொல்லாகப் பிரித்துத்தான் சொல்கிறேன்.

நடையும் வேலையும், அதாவது ‘வாக்’கும் ‘வொர்க்’கும் இன்னொரு வழக்கமான சறுக்கல். நடைக்கு மேலே சொன்ன குவிந்த ஆகாரம். வேலைக்கு உதடு குவியவே கூடாது. ‘காடு’ என்ற சொல்லின் கடைசி உகரத்தைப் பேச்சில் சொல்வது போல உதட்டைக் குவிக்காமல் சொல்லி, தாடையைக் கொஞ்சம் இறக்கி இழுங்கள். குற்றியலுகரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. பறவை, செவிலியர், முதலாவது, சிறுமி என்ற ஆங்கிலச் சொற்கள் நாலிலும் இதே உயிர்தான், எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றாக இல்லாவிட்டாலும்.

மீதி மெய்கள், கொஞ்சம் வேகமாக

வகரம்: ‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். மேல்பல்லும் கீழ்உதடும் சேர்ந்து பிறப்பது என்று பொருள். ஆங்கிலத்தின் ‘வி’ எழுத்துக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு தேவையில்லை. ஆனால் இன்றைய பேச்சில் நம் பல் உதட்டை உரசுவதில்லை, பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. உரச வேண்டும், உதட்டில் குறுகுறுப்புத் தெரிய வேண்டும். ‘டபிள்யூ’வில் பல்லுக்கு வேலையே இல்லை, உதடு குவிந்து விரியும். ‘ஒன்று’ என்று சாதாரணமாகப் பேசும்போது முன்னால் ‘வொண்ணு’ என்று ஒட்டிக்கொள்கிறதே ஒரு மெல்லிய ஒலி, அதுவேதான். உள்ளாடைக்கும் மேற்குத் திசைக்கும், கால்நடை மருத்துவருக்கும் ஈரத்துக்கும் இதைப் போட்டுப் பழகுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே வகரத்தை வைத்துக்கொண்டு சமாளிப்பதுதான் நம் உச்சரிப்பில் வெளியே தெரியும் முதல் அடையாளம் என்பது என் கணிப்பு.

‘ஃப’: குடிப்பதும் நகலெடுப்பதும் நமக்குக் ‘காப்பி’. ‘பீஸ்’ என்றால் கட்டணமா, துண்டா, அமைதியா, பட்டாணியா, தேனீக்களா என்று ஐந்து கேள்வி வரும். இவற்றில் துண்டும் அமைதியும் மட்டும் உண்மையிலேயே ஒரே ஒலி. பகரத்தில் உதடு மூடும், ‘ஃப’வில் மூடாது. பல்லை உதட்டில் வைத்து மூச்சை விட்டால் போதும். மேலே சொன்ன வகரத்தின் அதிராத ஜோடிதான் இது.

நாக்கைப் பல்லிடுக்கில் வைக்கும் ஒலி: இதற்காக ஒரு மாதம் போராடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு தேவையில்லை. ‘அது’ என்று வேகமாகச் சொல்லுங்கள். அந்தத் தகரத்தில் நாக்கு பல்லை முழுதாக அடைப்பதில்லை, காற்று கசிகிறது. ஆங்கிலத்தில் ‘அது’, ‘அவர்கள்’, ‘பிறகு’ ஆகிய சொற்களின் முதல் ஒலி அதேதான். அதையே குரல் இல்லாமல் வெறும் மூச்சாகச் சொன்னால் ‘ஒல்லி’, ‘நன்றி’, ‘மூன்று’. வெறும் தகரமாகச் சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை, அயர்லாந்தில் நிறையப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். விமானிகளுக்கோ மூன்று என்ற எண்ணை வேண்டுமென்றே மரத்தைப் போல ‘ட்ரீ’ என்று சொல்லத்தான் விதி. ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’. இரைச்சலில் எது தப்பிப் பிழைக்கும் என்று பார்த்து வைத்த உச்சரிப்புகள்.

‘இசட்’: தமிழில் வராத ஒலி. நாம் ஜகரம் போட்டு ‘ஜீரோ’, ‘ஜூ’ என்கிறோம். அதனால் பொறாமையும் பேரார்வமும் ஒரே ‘ஜெலஸ்’ ஆகிவிடுகின்றன. பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று தொடங்கி, நாக்கை அசைக்காமல் தொண்டையில் குரலைப் போடுங்கள். தேனீ பறக்கும். தொண்டையில் இரண்டு விரல் வைத்துக்கொண்டு பாம்பு, தேனீ, பாம்பு, தேனீ என்று மாற்றி மாற்றிச் செய்தால் ஒரு நாளில் வந்துவிடும்.

‘ஷ’வும் ‘ச்ச’வும்: ரொக்கமும் பிடிப்பதும், கழுவுவதும் கைக்கடிகாரமும். ‘ஷ்’ஷை எவ்வளவு நேரமும் இழுக்கலாம். ‘பச்சை’யில் உள்ள ‘ச்’ முதலில் அடைத்துப் பிறகுதான் விடும், இழுக்க முடியாது. இழுத்துப் பார்ப்பதே சோதனை.

‘ங்’: தமிழில் ஙகரத்துக்குப் பின் ககரம் கட்டாயம் வரும். அதனால் பாடுவதும் மூழ்குவதும் ‘சிங்க்’. ‘வாங்க’ என்று சொல்லத் தொடங்கி, ‘ங்’கில் நிற்கும்போதே வாயை அப்படியே வைத்து மூச்சை நிறுத்துங்கள். ககரம் வெடிக்காமல் முடிந்தால் அதுதான் பாடுவதன் முடிவு. பாடகரைக் குறிக்கும் ‘சிங்கர்’ என்ற சொல்லில் ககரம் இல்லை, விரலைக் குறிக்கும் ‘ஃபிங்கர்’ என்ற சொல்லில் இருக்கிறது. எழுத்துக்கூட்டல் இதைக் காட்டிக்கொடுக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழுத்தம்

எல்லா ஒலியும் சரியாக இருந்தும் சொல் புரியாமல் போவது இங்கேதான். தமிழில் அசைகளை ஏறத்தாழ சம எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ராஜா, மற்றவை கூனிக் குறுகும். ராஜா நீண்டு, உரக்க, உயர்ந்த சுருதியில் வருவார். மற்ற அசைகளின் உயிர் மங்கி, ஒரு சோம்பேறி அகரமாகிவிடும்.

பாலைவனமும் உணவுக்குப் பின் வரும் இனிப்பும் ‘டெஸர்ட்’. பாலையில் முதல் அசைக்கு அழுத்தம், இனிப்பில் இரண்டாவதற்கு. பதிவேடும் பதிவு செய்வதும் எழுத்தில் ஒரே சொல். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அழுத்தம், வினைக்குப் பின்னால். பரிசும் பரிசளிப்பதும், பொருளும் எதிர்ப்புத் தெரிவிப்பதும் இதே விதி. விதிக்கு அடங்காதவையும் உண்டு, ஆனாலும் ஊகிக்க நேர்ந்தால் இந்தப் பக்கமே ஊகியுங்கள்.

எண்களில் 13-ம் 30-ம், 15-ம் 50-ம் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வம்பு. பத்துகளில் முதல் அசை அழுத்தம், வால் குட்டை. பதின்மங்களில் ‘டீன்’ என்ற வாலை நன்றாக இழுத்து அழுத்த வேண்டும். தொலைபேசியில் எனக்கு இந்த நுட்பத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கமாகச் சொல்லிவிடுவேன்.

வீண் உழைப்பு வேண்டாத ஜோடிகள்

மாவும் பூவும், இரவும் குதிரைவீரனும், கடலும் பார்ப்பதும், காத்திருப்பதும் எடையும் ஒலியில் வித்தியாசமே இல்லாதவை. எழுத்து வேறாக இருப்பதால் ஒலியும் வேறாக இருக்கும் என்று நம்பிச் சிலர் வலிந்து பிரிப்பார்கள். குதிரைவீரனின் முதல் எழுத்தைப் பழைய ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் உச்சரித்தார்கள்தான். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்தது. ஏறக்குறைய அதே நூற்றாண்டுகளில் நீண்ட உயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து அங்கேயே நின்றுவிட்டது, வாய் நடந்துபோய்விட்டது.

ஊருக்கு ஊர் கலக்கும் ஜோடிகளும் உண்டு. ‘பிடித்தேன்’ என்பதன் உயிரும் கட்டிலின் உயிரும் அமெரிக்கர்கள் பலருக்கு ஒன்றே. அமெரிக்காவின் தென்பகுதியில் குண்டூசியும் பேனாவும் ஒரே மாதிரி ஒலிக்கும். பிரிட்டனா அமெரிக்காவா என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதன் ஒலிக்கோப்புகளை மட்டும் கேளுங்கள். இரண்டையும் கலந்து கேட்டால் ஆரம்பத்தில் தலை சுற்றும்.

தினசரிப் பழக்கம்

வாரத்துக்கு ஒரு ஜோடி, நாளுக்குப் பத்து நிமிடம். முதல் இரண்டு நாள் கேட்பது மட்டும். அப்புறம் ஒற்றைச் சொல். அப்புறம் இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில். உங்கள் குரலைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் என்ன சொல்ல நினைத்தோமோ அதுவே காதில் விழும்.

அகராதியில் ஒலிக்குறிப்பைப் பார்க்கும் பழக்கம் நேரத்தை மிச்சப்படுத்தும். எல்லாக் குறிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு போதும். உயிர்க்குறிக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி போல இரண்டு புள்ளி இருந்தால் நெடில். ஓர் அசைக்கு முன்னால் மேல்பக்கம் சின்னக் கோடு இருந்தால் அந்த அசைதான் ராஜா.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், என் வரிசை இது: முதலில் வாசலில் காற்று, பிறகு வாலில் உயிர் நீளம், பிறகு ஆட்டின் ‘மே’, பிறகு விருப்பமும் மறுப்பும். மற்றதெல்லாம் சாவகாசமாக வரட்டும்.

நாலு ‘பேக்’கையும் நாலு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பேசியின் குரல் தட்டச்சிடம் சொல்லுங்கள். கட்டி வைப்பதற்கு வாசலில் காற்று, பைக்கு நீட்டல், முதுகுக்கு வெட்டு, ரொட்டிக்கு இகரத்தில் ஒடுக்கம். எனக்குப் பையும் முதுகும் பிரிய மூன்று வாரம் ஆனது. கட்டி வைப்பதில் அவசரமாகப் பேசும்போது இன்னும் காற்றை மறந்துவிடுகிறேன், திரையில் முதுகுதான் வந்து நிற்கிறது.